சேலம் 1692: சூனிய வழக்கு நடந்த இடங்களை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

நெய்தல்:
வணக்கம். இது நம் சேலம் அல்ல, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 1692-இல் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி மக்களைத் தூக்கிலிட்ட ஊர். பாஸ்டனிலிருந்து ஒரு நாள் ஒதுக்கலாம். மூன்று பேர் போகிறோம். ஒருவருக்கு 70 வயது, நெடுந்தூரம் நடக்க இயலாது. இன்னொருவர் 13 வயது மாணவி. கார் இல்லை.

பேய்வீடு, மெழுகுபொம்மைக் காட்சி எதுவும் வேண்டாம். அந்த வழக்கோடு உண்மையில் தொடர்புள்ள இடங்கள் மட்டும் போதும். எவை, எந்த வரிசையில்?

ஓலைச்சுவடி:
நெய்தல், நீங்கள் கேட்டிருக்கும் விதமே பாதி வேலையை முடித்துவிட்டது. பெரும்பாலோர் சேலத்தில் இறங்கி, கடைத்தெருவைச் சுற்றி, காட்சி ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டு, வழக்கு தொடங்கிய இடத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் ஊர்ப்பெயர்க் குழப்பம் தீர வேண்டும். 1692-இல் இரண்டு சேலம் இருந்தன. துறைமுகத்தை ஒட்டியது சேலம் நகரம், அதுதான் இன்றைய சேலம். உள்நாட்டில் விவசாயிகள் இருந்தது சேலம் கிராமம். குற்றச்சாட்டு கிளம்பியது கிராமத்தில்தான். அந்தக் கிராமம் 1752-இல் தனியாகப் பிரிந்து டான்வர்ஸ் என்று பெயர் மாறியது. வரைபடத்தில் சேலம் கிராமம் என்று தேடினால் சரியான இடம் வராது, டான்வர்ஸ் என்றே தேடுங்கள். தமிழில் தேடினால் தமிழ்நாட்டுச் சேலம்தான் முதலில் வந்து நிற்கும்.

ஆக, வழக்கின் தொடக்கம் டான்வர்ஸில். நீதிமன்றம், சிறை, தூக்கு மூன்றும் சேலத்தில். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 5 மைல்.

சேலத்தில் பார்க்க வேண்டியவை:

நீதிபதி ஜோனதன் கார்வின் வீடு, எசெக்ஸ் தெரு 310. எல்லோரும் 'விட்ச் ஹவுஸ்' என்பார்கள். அந்தப் பெயர் பலரை ஏமாற்றுகிறது. அங்கே எந்தச் சூனியக்காரியும் வாழவில்லை, விசாரித்த நீதிபதிதான் வாழ்ந்தார். 1675-இல் வாங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். வழக்கோடு நேரடித் தொடர்புள்ள கட்டடம் என்று சேலத்தில் இன்றும் நிற்பது இது ஒன்றுதான். 1940-களில் சாலையை அகலப்படுத்தியபோது வீட்டை அப்படியே சுமார் 35 அடி தள்ளி வைத்தார்கள், 1948-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மாடிக்குப் படி மட்டுமே உண்டு. 70 வயதுக்காரருக்குக் கீழ்த்தளமே போதும், சமையலறை அடுப்பும் அறைகளின் இருட்டும் அங்கேயே தெரியும்.

நினைவிடம், சார்ட்டர் தெருக் கல்லறையை ஒட்டியது. 1992 ஆகஸ்டில் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் திறந்து வைத்தார். சாந்து வைக்காத கல் சுவர், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 20 கருங்கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எப்படி இறந்தார், எந்த நாள். உள்ளே நுழையும்போது காலடிக் கற்களைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சொன்ன வார்த்தைகள் அதில் வெட்டப்பட்டிருக்கும். சில வரிகள் சுவருக்கு அடியில் போய்ப் பாதியில் நின்றுவிடும். கல் அளவு போதாமல் நேர்ந்த பிழை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேச்சை நடுவிலேயே அடக்கியதைக் காட்டத்தான் அப்படி வடிவமைத்தார்கள். இதை அறியாமல் மிதித்துக்கொண்டே போய்விடுபவர்கள் அதிகம்.

ஒரு முக்கியத் திருத்தம்: அந்த 20 பேரில் யாரும் பக்கத்துக் கல்லறையில் புதைக்கப்படவில்லை. அங்கே கிடப்பவர் விசாரணை நடத்திய ஜான் ஹாத்தோர்ன், இறந்தது 1717. அந்த 20 பேரில் ஒருவரான கைல்ஸ் கோரியின் முந்தைய மனைவி மேரியின் கல்லும் அங்கே உண்டு. அவர் வழக்குக்கு 8 ஆண்டு முன்பே இறந்தவர்.

சிறை இருந்த இடம், ஃபெடரல் தெரு 10. நீதிமன்றம் இருந்த இடம், வாஷிங்டன் தெரு 70-க்கு எதிரே, நடுத்தெருவில். இரண்டு கட்டடமும் இன்று இல்லை, சுவரில் பலகை மட்டும். இரண்டும் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான், போகிற வழியில் பார்த்துவிடலாம்.

கடைசியாக ப்ராக்டர்ஸ் லெட்ஜ், போப் தெரு 7. தூக்கிலிட்ட இடம். இதைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், கடம்பவனம் இங்கே இருந்தால் எழுதட்டும்.

கடம்பவனம்:
எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: யாரும் எரிக்கப்படவில்லை. எரித்தார்கள் என்ற எண்ணம் ஐரோப்பாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மாசசூசெட்ஸ் ஆங்கிலேயக் குடியேற்றம், ஆங்கிலச் சட்டத்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. 19 பேர் தூக்கில் இறந்தார்கள். கைல்ஸ் கோரி, 80 வயதைத் தாண்டியவர், குற்றவாளியா இல்லையா என்று ஜூரி முன் நிற்க மறுத்ததால் மேலே பலகை வைத்துக் கல்லை ஏற்றி நசுக்கினார்கள். செப்டம்பர் 19. சிறையில் குறைந்தது 5 பேர் இறந்தார்கள்.

தூக்கு நான்கு நாள்களில் நடந்தது. ஜூன் 10 ஒருவர் (பிரிட்ஜெட் பிஷப்), ஜூலை 19 ஐவர், ஆகஸ்ட் 19 ஐவர், செப்டம்பர் 22 எண்மர். இந்த வரிசை மனத்தில் இருந்தால் நினைவிடத்துப் பலகைகளைப் படிப்பது எளிது.

இப்போது ப்ராக்டர்ஸ் லெட்ஜ். சேலத்தில் 'கேலோஸ் ஹில்' என்றொரு பூங்கா இருக்கிறது, பெயர் 'தூக்குமர மேடு'. மக்கள் அங்கே போய் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது இடமல்ல. மேட்டின் அடிவாரப் பாறைதான் என்று சிட்னி பெர்லி என்ற வரலாற்றாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொன்னார், ஊர் கவனிக்கவில்லை. 2016 ஜனவரியில் ஆய்வாளர் குழு ஒன்று அதை உறுதி செய்தது.

எப்படி உறுதி செய்தார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், அழகான துப்பு. ஆகஸ்ட் 19 அன்று ரெபெக்கா ஈம்ஸ் என்ற பெண்ணைக் காவலர்கள் விசாரணைக்குச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் 'மேட்டுக்குக் கீழே உள்ள வீட்டில்' நின்றபோது தூக்கு நடப்பதைக் கண்டதாக விசாரணையில் சொன்னார். அந்த வீடு பாஸ்டன் தெருவில் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து எந்த நிலப்பகுதி கண்ணுக்குத் தெரியும் என்று கணினியில் நில உயரத்தை வைத்துப் பார்த்தார்கள். உச்சி தெரியவில்லை, இந்தப் பாறை தெரிந்தது. நிலத்தடி ரேடாரும் வைத்துப் பார்த்தார்கள். மண் 3 அடிக்கும் குறைவு, எலும்பு எதுவும் இல்லை. அவ்வளவு மெல்லிய மண்ணில் முறையாகப் புதைக்க இயலாது. உறவினர் இரவில் வந்து உடல்களை எடுத்துப் போனார்கள் என்ற குடும்பக் கதைகளோடு இது பொருந்துகிறது.

நினைவிடம் 2017 ஜூலை 19-இல் திறக்கப்பட்டது. அரைவட்டக் கல் சுவரில் 19 பெயர்கள், நடுவில் ஒரு ஓக் மரம். மருந்துக்கடை ஒன்றின் பின்புறம், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. பெரிதாக எதிர்பார்த்துப் போனால் சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். கார் நிறுத்த இடமில்லை. பாறைமேல் ஏறக் கூடாது, சுவருக்கு வெளியே நின்றே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கேதான் வாழ்கிறார்கள், குரல் தாழ்ந்தே இருக்கட்டும்.

நீதிபதி வீட்டிலிருந்து நடந்தால் 15 நிமிடம். முதியவருக்கு வாடகைக் கார் பிடியுங்கள், இறக்கிவிட்டுக் காத்திருக்கச் சொல்லலாம். பார்க்க 10 நிமிடம் போதும்.

மழைக்குருவி:
டான்வர்ஸில் பார்க்க வேண்டியவற்றை யாரும் இன்னும் சொல்லவில்லையே. எனக்குக் கேட்டால் ஒரு நாளில் பாதியை அங்கே கொடுப்பேன்.

டான்வர்ஸுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து நியூபரிபோர்ட்–ராக்போர்ட் வழித்தடத்தில் சேலம் வரை ரயில், சுமார் அரை மணி. அங்கிருந்து வாடகைக் கார், கால் மணி நேரம். திரும்பி வர டான்வர்ஸில் கார் கிடைக்கச் சில சமயம் நேரம் ஆகும். அது குடியிருப்புப் பகுதி. அடுத்த இடம் போவதற்கு 10 நிமிடம் முன்பே அழைத்துவிடுங்கள்.

ரெபெக்கா நர்ஸ் வீடு, பைன் தெரு 149. நர்ஸ் என்பது குடும்பப்பெயர். 71 வயதுப் பாட்டி, காது மந்தம், ஊரே மதித்த குடும்பம். இவர்மீது குற்றம் சாட்டியபோதுதான் யாரையும் விடமாட்டார்கள் என்று ஊருக்குப் புரிந்தது. வீடு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுற்றிலும் 25 ஏக்கருக்கு மேல் நிலம் அப்படியே இருக்கிறது. தொண்டர் குழு ஒன்று நடத்துவதால் எல்லா நாளும் திறந்திருக்காது, குளிர்காலத்தில் மூடியிருக்கும். அவர்கள் இணையதளத்தில் அந்த வாரத்து நேரத்தைப் பார்த்த பிறகே தேதியை முடிவு செய்யுங்கள். இங்கே பலர் ஏமாறுவது இதில்தான், வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவது.

அந்த வளாகத்தில் ஒரு சபைக்கூடம் நிற்கிறது. அது பழையது அல்ல, 1980-களில் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக எழுப்பியது. ஆனாலும் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். 1672-இல் கட்டிய அசல் கூடம் 34 அடி நீளம், 28 அடி அகலம். முதல் விசாரணைகள் நடந்தது அவ்வளவு சிறிய அறையில்தான். ஊரே உள்ளே நெருக்கி நிற்க, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சில அடி தூரத்தில் சிறுமிகள் அலறிக்கொண்டிருந்தார்கள். அந்த அளவு கண்ணில் படும்போது விசாரணைக் குறிப்புகளைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

வீட்டுக்குப் பின்னால் வயல் வழியே குடும்பக் கல்லறை. புல்தரை, மேடு பள்ளம், மழை பெய்திருந்தால் வழுக்கும். ரெபெக்காவின் உடல் அங்கே எங்கோ இருப்பதாக மரபு. 1885-இல் குடும்பத்தார் எழுப்பிய தூணும், அவருக்காக மனுவில் கையெழுத்திட்ட 40 அயலாருக்கு 1892-இல் எழுப்பிய கல்லும் இருக்கின்றன. அந்த இரண்டாவது கல்லைத் தவறவிடாதீர்கள். அன்று அப்படியொரு தாளில் பெயர் எழுதுவது உயிரைப் பணயம் வைப்பதுதான். தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஜேக்கப்ஸ் என்ற முதியவருடையவை என்று கருதப்படும் எலும்புகளும் 1992-இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டன.

அடுத்து போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டின் அஸ்திவாரம். சென்டர் தெரு 67-க்குப் பக்கத்தில், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை போகும். தனியார் வீட்டு வழிபோலத் தெரிவதால் தயங்கித் திரும்பிவிடுவார்கள். அதுதான் வழி, தைரியமாகப் போகலாம். 1970-இல் அகழ்ந்து எடுத்த நிலவறைக் கற்கள் திறந்தவெளியில் கிடக்கின்றன. வீடு 42 அடிக்கு 20 அடி. போதகரின் மகள் பெட்டி, 9 வயது. அவர் வீட்டில் வளர்ந்த அபிகெய்ல் வில்லியம்ஸ், 11 வயது. அந்தக் குடும்பத்தின் அடிமை டிட்டுபா. எல்லாம் தொடங்கியது இந்தக் கற்களுக்கு மேல் நின்ற வீட்டில். கட்டணம் இல்லை, காவலாளி இல்லை, கடை இல்லை. சுற்றிலும் நின்று பாருங்கள், கற்கள்மீது ஏறாதீர்கள், விளிம்புகள் ஏற்கெனவே தளர்ந்தவை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹோபார்ட் தெரு 176, டான்வர்ஸ் நினைவிடம். எதிர்ப்புறத்தில்தான் அசல் சபைக்கூடம் இருந்தது. சேலத்து நினைவிடம் 20 பேரோடு நின்றுவிட, இது சிறையில் இறந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஹோபார்ட் தெரு 199-இல் இங்கர்சால் விடுதிக் கட்டடம் நிற்கிறது. தனியார் சொத்து, தெருவிலிருந்து மட்டும் பாருங்கள்.

நெய்தல்:
மிக்க நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். அக்டோபரில் போகலாமா? 13 வயதுக்காரிக்குப் போகுமுன் எதைப் படிக்கக் கொடுப்பது? சிலர் இந்த வழக்கை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய 'தி க்ரூசிபிள்' நாடகத்தைச் சொல்கிறார்கள்.

தணிகை:
அக்டோபர் வேண்டவே வேண்டாம் அம்மா. அந்த மாதம் முழுக்க ஊர் ஹாலோவீன் திருவிழா. பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ரயில் நிரம்பும், தெரு அடைபடும், நீதிபதி வீட்டுக்கு நுழைவுச்சீட்டு கிடைக்காது, நினைவிடத்தில் நிற்கவே இடமிருக்காது. கல்லறைக்குள் கூட்டத்தைக் கட்டுப்படுத்தி விடுவார்கள். மே கடைசி, ஜூன், அல்லது செப்டம்பர் முதல் இரண்டு வாரம் நல்லது. கோடையில் பாஸ்டன் லாங் வார்ஃபிலிருந்து படகும் உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம், முதியவருக்கு இதமாக இருக்கும். ஆனால் படகுத்துறையிலிருந்து ஊர் மையம் வரை நடை கூடும்.

இன்னொன்று, சேலம் விட்ச் மியூசியம் வாசலில் கறுப்பு அங்கியும் உயரத் தொப்பியுமாக ஒரு சிலை. சூனியக்காரர் என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவர் ரோஜர் கானன்ட், ஊரை நிறுவியவர். வழக்கு நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தக் கட்டடமும் 19-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்.

'சூனியக்காரி' என்ற சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையிடம் பேசும்போது 'சூனியக்காரிகளைத் தூக்கிலிட்ட இடம்' என்றால் அவர்கள் சூனியம் வைத்தவர்கள் என்றே பதியும். 'சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தப்பட்டவர்கள்' என்று நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை. நம் மொழியில் பில்லி, சூனியம், ஏவல் என்றெல்லாம் சொல் இருப்பதால் அந்தப் பழி நமக்கு எளிதில் புரியும். அதனாலேயே கவனம் தேவை.

ஓலைச்சுவடி:
தணிகை ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆண்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கிலானவர்களில் ஐவர் ஆண்கள், ஒருவர் போதகர்.

நாடகம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பயணத்துக்கு முன் வேண்டாம். ஆர்தர் மில்லர் 1953-இல் எழுதியது தம் காலத்து அரசியலை மனத்தில் வைத்து. 11 வயது அபிகெய்லை 17 ஆக்கினார், தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான, அறுபதைத் தொட்ட ஜான் ப்ராக்டரை முப்பதுகளில் வைத்தார், இருவருக்கும் உறவு ஏற்படுத்தினார். முதலில் அதைப் பார்த்தால் டான்வர்ஸில் நின்றுகொண்டு இல்லாத காதலைத் தேடுவாள்.

பதிலாக அசல் ஆவணங்களைக் கொடுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சேலம் ஆவணத் தளத்தில் எழுத்துப்பெயர்ப்போடு இலவசமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், ரெபெக்கா நர்ஸ் கோப்பு ஒன்று போதும். இந்த வரிசையில்:

மார்ச் 24 விசாரணைக் குறிப்பு. இரண்டு பக்கம்கூட வராது. ஹாத்தோர்ன் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் குற்றம் முடிவானதுபோலவே தொடங்குவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு அயலார் மனு. பிறகு ஜூரித் தலைவர் தாமஸ் ஃபிஸ்க்கின் வாக்குமூலம், ஜூலை 4. இதுதான் நடுக்கம் தருவது. ஜூரி முதலில் நர்ஸ் குற்றமற்றவர் என்றே தீர்ப்பளித்தது. கூச்சல் எழுந்தது. சாட்சி சொல்ல வந்த சக கைதி ஒருவரைப் பார்த்து 'இவர் எங்களில் ஒருவர்தானே' என்று நர்ஸ் சொல்லியிருந்ததைத் தலைமை நீதிபதி ஸ்டவுட்டன் சுட்டிக் காட்டினார். கைதி என்ற பொருளில் சொன்னதைச் சூனியக் கூட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். விளக்கம் கேட்டபோது அவர் பதில் பேசவில்லை. காது சரியாகக் கேட்கவில்லை, துயரத்தில் இருந்தேன், என்ன கேட்டார்கள் என்றே புரியவில்லை என்று பின்னர் எழுதிக் கொடுத்தார். அதற்குள் தீர்ப்பு மாறிவிட்டது. ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்து, பிறகு அதையும் விலக்கிக்கொண்டார்.

அவர் தங்கை மேரி ஈஸ்டியின் மனுவும் சிறியது. தன் உயிருக்காகக் கேட்கவில்லை, இனி குற்றமற்ற இரத்தம் சிந்தக் கூடாது என்றே கேட்கிறார். செப்டம்பர் 22-இல் தூக்கு.

படிக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது தேதி. அன்றைய ஆங்கிலக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. அதனால் முதலில் குற்றம் சாட்டப்பட்ட டிட்டுபா, சாரா குட், சாரா ஆஸ்பர்ன் ஆகியோருக்கான பிப்ரவரி 29 பிடியாணையில் ஆண்டு 1691 என்றோ 1691/2 என்றோ இருக்கும். பிழை அல்ல. பழைய ஜூலியன் நாள்காட்டி வேறு, இன்றைய கணக்குக்கு 10 நாள் பின்தங்கியது. இரண்டாவது பெயர். ஒரே ஆளின் பெயரை ஒரே எழுத்தர் இரண்டு விதமாக எழுதுவார். சாரா குட்டின் 4, 5 வயது மகள் டாரதியின் பெயர் பிடியாணையில் டார்கஸ் என்று தவறாக விழுந்தது, பழைய நூல்கள் எல்லாம் அப்படியே அச்சிட்டன. தேடும்போது இரண்டையும் போடுங்கள். அந்தக் குழந்தையை விலங்கிட்டு மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். மூன்றாவது, 'ஆவியுருவச் சாட்சியம்'. குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் தன்னைக் கிள்ளியது என்று பாதிக்கப்பட்டவர் சொல்வது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, எனவே மறுக்கவும் முடியாது. அன்று வீட்டில்தான் இருந்தேன் என்று நிரூபித்தாலும் பயனில்லை, போனது உருவம்தானே என்பார்கள். 1692 அக்டோபர் இறுதியில் ஆளுநர் ஃபிப்ஸ், இந்த வழக்குகளுக்காக அமைத்திருந்த தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு புதிய நீதிமன்றம் இத்தகைய சாட்சியத்தை ஒதுக்கியதும் வழக்குகள் தாமாகவே சரிந்துவிட்டன.

மூல ஆவணங்களைக் கண்ணாடிக்குள் பார்க்க சேலத்திலுள்ள பீபாடி எசெக்ஸ் மியூசியம் போகலாம் என்று பழைய பதிவுகள் சொல்லும். அங்கிருந்த 527 நீதிமன்ற ஆவணங்கள் 2023-இல் மாநில ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பிவிட்டன. மியூசியத்தில் பொருள்கள் உண்டு, எது காட்சியில் இருக்கிறதென்று முன்கூட்டியே பாருங்கள்.

சிறுவாணி:
கெட்டுப்போன ரை தானியத்தில் வளரும் பூஞ்சையால் அந்தச் சிறுமிகளுக்கு மனப்பிரமை வந்தது என்று படித்திருக்கிறேன். அங்கே அதை விளக்கும் இடம் உண்டா?

கடம்பவனம்:
அந்தக் கருத்து 1976-இல் ஓர் ஆய்விதழில் வந்தது, அதே ஆண்டிலேயே மறுப்பும் வந்தது. ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே மாவைத்தான் தின்றார்கள், சிலருக்கு மட்டும் வலிப்பு. அதுவும் குற்றம் சாட்டப்பட்டவர் அறைக்குள் நுழையும்போது சரியாகத் தொடங்கி, கையைத் தொட்டதும் நின்றது. பூஞ்சை அப்படி வேலை செய்யாது. எல்லையில் பழங்குடியினரோடு போர், வேறு ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள், போதகருக்குச் சம்பளமும் விறகும் தராமல் கிராமம் இரண்டு பட்டது, இவற்றைப் பாருங்கள். போதகர் வீட்டு அஸ்திவாரத்தில் நிற்கும்போது விறகு என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் குளிரில் அது சின்ன விஷயம் அல்ல.

வடகாற்று:
ஐரோப்பாவில் இருப்பவர்களுக்காக இரண்டு இடம் சேர்க்கிறேன்.

இங்கிலாந்தில் பெண்டில், 1612. அந்த ஆகஸ்டில் லங்காஸ்டரில் 10 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். லங்காஸ்டர் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. உள்ளே வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், நேரம் முன்பதிவு செய்யுங்கள். 2011 வரை அது சிறையாகவே இயங்கியது. இப்போது காட்டும் நீதிமன்றக் கூடம் 1612-க்குப் பல ஆண்டு பின்னால் கட்டியது என்பதை மனத்தில் வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஊர்கள் 30 மைலுக்கு அப்பால், பெண்டில் மலை அடிவாரத்தில். மலை 557 மீட்டர், பார்லி கிராமத்திலிருந்து ஏறும் படிப்பாதை செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறாமல் அடிவாரக் கிராமங்களோடு நிறுத்தலாம். நியூசர்ச் தேவாலய வளாகத்தில் நட்டர் குடும்பக் கல்லறையை, தூக்கிலிடப்பட்ட ஆலிஸ் நட்டருடையது என்று காட்டுவார்கள். அது அவருடையது அல்ல, தூக்கிலிட்டவர்களைத் தேவாலய மண்ணில் புதைக்கமாட்டார்கள். அவருக்கான சிலை 2012-இல் ரஃப்லீ கிராமத்தில் வைக்கப்பட்டது.

நார்வேயில் வார்டோ, வடகோடித் தீவு. ஃபின்மார்க் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டில் 91 பேர் கொல்லப்பட்டார்கள், 77 பெண்கள், 14 ஆண்கள். இங்கே எரித்தார்கள் என்பது உண்மை. ஸ்டெய்ல்னெசெட் நினைவிடம் 2011-இல் திறந்தது. கட்டட வடிவமைப்பாளர் பீட்டர் சும்தோர் மரச்சட்டத்தில் 125 மீட்டர் நீளத்துக்குத் துணிக்கூடம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். உள்ளே 91 சிறு சன்னல், சன்னலுக்கு ஒரு விளக்கு, ஆளுக்கொரு துணியில் அவர் வழக்கின் குறிப்பு. பக்கத்தில் லூயிஸ் பூர்ஷ்வாவின் படைப்பு, எரியும் நாற்காலியும் அதைச் சுற்றி ஆடிகளும். கட்டணம் இல்லை, இரவு பகல் திறந்திருக்கும். பெருநிலத்திலிருந்து கடலடிச் சுரங்கப்பாதை வழியே கார் போகும். கடலோரக் கப்பலில் வருபவர்கள் கவனிக்க வேண்டியது, கப்பல் அங்கே குறைந்த நேரமே நிற்கும், துறையிலிருந்து நினைவிடத்துக்கு நடக்கும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். கோடையிலும் காற்று எலும்பைத் துளைக்கும், காதை மூடும் தொப்பி கட்டாயம்.

நெய்தல்:
வார்டோவைக் குறித்து வைத்துக்கொண்டேன். இப்போதைக்குச் சேலம். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்று. காலை 9 மணிக்குச் சேலம் ரயில் நிலையம், சிறை இடம், நீதிமன்ற இடம், நீதிபதி வீடு, மதிய உணவு, நினைவிடம், போப் தெரு, மூன்று மணிக்கு டான்வர்ஸ், அங்கே நர்ஸ் வீடு, போதகர் வீடு, நினைவிடம், ஆறு மணி ரயில். சரியா?

நினைவிடத்துக் கல் பலகைகளில் முதியவர் உட்காரலாமா?

மழைக்குருவி:
டான்வர்ஸைக் காலையில் வையுங்கள். நர்ஸ் வீடு பிற்பகலிலேயே மூடிவிடும், மூன்று மணிக்குப் போனால் உள்ளே சுற்றிக் காட்ட நேரம் இருக்காது. இன்னொரு காரணம், கதை டான்வர்ஸில் தொடங்குகிறது. திறந்ததும் நர்ஸ் வீடு, ஒன்றரை மணி நேரம். பிறகு போதகர் வீட்டு அஸ்திவாரம், அங்கிருந்து மெதுவாக நடந்து ஹோபார்ட் தெரு, இரண்டுக்குமாக முக்கால் மணி. ஒரு மணிக்குச் சேலம் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு நீதிபதி வீடு. அதற்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு என்றால் இரண்டரைக்கு எடுங்கள். அங்கிருந்து காரில் போப் தெரு, அதே காரில் சார்ட்டர் தெரு நினைவிடம். கடைசியாக நீதிமன்றம், சிறை இடங்கள் ரயிலுக்குப் போகிற வழியிலேயே வந்துவிடும். நடை மொத்தம் ஒன்றரை மைலுக்குள் அடங்கும்.

நினைவிடத்தைக் கடைசிப் பகுதியில் வைப்பதில் இன்னொரு நன்மை. அதற்குள் பிள்ளைக்குப் பெயர்கள் பழகியிருக்கும். பலகையில் 'ரெபெக்கா நர்ஸ்' என்று படிக்கும்போது காலையில் பார்த்த வீடு நினைவுக்கு வரும்.

கடம்பவனம்:
பலகையில் உட்காரலாமா என்பதில் இரு கருத்து உண்டு. இருக்கை உயரத்தில் அமைத்திருப்பதால் உட்காரலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் பெயரின்மேல் உட்காரமாட்டேன். பலகையின்மேல் மலர் வைத்திருந்தால் நகர்த்த வேண்டாம். தின்பண்டம், காபி கோப்பை வேண்டாம். முதியவர் களைத்துவிட்டால் நினைவிடத்துக்கு வெளியே ஓர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய் வாருங்கள். கல்லறைக்குள் கல்மேல் தாள் வைத்துத் தேய்த்து உரு எடுக்கக் கூடாது. அவை மெல்லிய பலகைக்கற்கள், அடுக்கடுக்காக உரியும்.

ஓலைச்சுவடி:
மழைக்குருவி வரிசையே சரி. ஒரே ஒரு சேர்க்கை: மாலையில் நேரம் மிஞ்சினால் ரெட்ஸ் குளம், மார்பிள்ஹெட் ஊர், சேலத்திலிருந்து காரில் கால் மணி. தூக்கிலிடப்பட்ட வில்மட் ரெட் வாழ்ந்த இடம் அந்தக் குளக்கரைதான், மேட்டுக் கல்லறையில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. ஆனால் மேடு ஏற வேண்டும், முதியவரோடு போகிற நாளில் வேண்டாம், இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

மாணவிக்கு ஒரு தகவல். 1711-இல் அன்றைய மாசசூசெட்ஸ் அரசு 22 பேர் தண்டனையை ரத்து செய்து குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தது. விடுபட்டவர்களை 1957-லும் 2001-லும் சேர்த்தார்கள். அப்போதும் எலிசபெத் ஜான்சன் என்ற இளம்பெண்ணின் பெயர் விடுபட்டுப்போனது. அவருக்கு மரண தண்டனை விதித்து, நிறைவேற்றாமல் விட்டிருந்தார்கள். வடக்கு ஆண்டோவரில் ஒரு நடுநிலைப் பள்ளி வகுப்பு மனு எழுதி, சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்து, 2022 ஜூலையில் அவர்மீதான பழியையும் நீக்க வைத்தது. எழுதியவர்கள் ஏறக்குறைய அவள் வயதுப் பிள்ளைகள். அந்த மனுவுக்கு அவர்கள் பயன்படுத்திய ஆவணங்கள், நான் மேலே சொன்ன அதே வகைத் தாள்கள்தான்.

நெய்தல்:
டான்வர்ஸ் காலையில் என்று மாற்றிவிட்டேன். நர்ஸ் கோப்பை இன்றே அச்செடுக்கிறோம். நீதிபதி வீட்டுச் சீட்டு, இரண்டரை மணி.